பழைய ஆயில் இன்ஜினில் ஹெட் கேஸ்கெட்: அறிகுறி பார்த்துப் பழுதைப் பிரித்தறியும் வழிமுறை

கொங்கு வட்டாரத்தில் கிணற்றுக்கு மின் மோட்டார் வந்து பல்லாண்டுகள் ஆன பிறகும், மின் இணைப்பு எட்டாத மேட்டாங்காட்டுக் கிணறுகளிலும், கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்பாலைக் கொட்டகைகளிலும், தோட்டத்துச் சாளையின் மூலையிலும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின்கள் இன்னும் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கும். ஒன்று, இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரில் 1929 முதல் செய்யப்பட்ட லிஸ்டர் சி.எஸ். இன்ஜினும் அதே அமைப்பில் ராஜ்கோட்டில் வார்க்கப்பட்ட இன்ஜின்களும்; இவை இரண்டு கனத்த பிளைவீல்களுடன் பெரும்பாலும் நிமிடத்துக்கு 600 முதல் 650 சுற்று ஓடும். மற்றொன்று, 1500 சுற்று ஓடும் 5 குதிரைத்திறன் இன்ஜின்; கிர்லோஸ்கர் ஏ.வி.1 போன்ற இவ்வகையில் சிலிண்டரின் குறுக்களவு 80 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 110 மி.மீ. இந்த வழிமுறை இரண்டுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

ஹெட் கேஸ்கெட் என்பது சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில், கசிவைத் தடுக்க வைக்கும் தகடு. "கேஸ்கெட் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டு வரும் இன்ஜின்களில் கணிசமானவற்றில் கேஸ்கெட் நன்றாகவே இருக்கும். உண்மையிலேயே எரிந்துபோன இன்ஜின்களிலோ, அதை எரித்தது எது என்று பார்க்காமல் புதியதை மாட்டுவதால் அதே ஆண்டிலேயே மறுபடியும் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அறிகுறியை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் இன்ஜினில் பிளாக்கிலிருந்து ஹெட்டுக்குத் தண்ணீர் எவ்வழியாகப் போகிறது? கேஸ்கெட்டில் உள்ள துளைகள் வழியாகவா, வெளியே வளைந்து செல்லும் குழாய் வழியாகவா? வெளிக்குழாய் உள்ள இன்ஜினில் கேஸ்கெட் எரிந்தால் காற்று சீறும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) குறையும். தண்ணீர் ஆயிலில் கலப்பதற்கு அதைக் குறைசொல்ல இடமில்லை. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலே கீழ்க்காணும் சோதனைகளில் பாதி குறைந்துவிடும்.

அறிகுறி 1: ஆயில் பாலேறிப்போயிருக்கிறது, அல்லது ஆயில் மட்டம் உயர்ந்திருக்கிறது

ஹெட்டின் மேலுள்ள ராக்கர் மூடியின் உட்புறத்தில் மட்டும் வெண்ணிறப் பசை படிந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால், அது பெரும்பாலும் ஈரப்பதம்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்ஜினைச் சிறிது நேரம் மட்டும் ஓட்டி நிறுத்திவிட்டால் உள்ளே வியர்த்து இப்படிப் படியும். மூடியைத் துடைத்துவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை பாரத்துடன் ஓட்டிப் பாருங்கள். பசை திரும்பவில்லையென்றால் அதோடு விட்டுவிடலாம்.

ஆயில் முழுவதுமே வெளுத்திருந்தால், இன்ஜினை ஓர் இரவு அசைக்காமல் வைத்திருந்து, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சம்ப்பின் (அடியில் ஆயில் தங்கும் தொட்டியின்) வடிகால் திருகை மிக மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அதில் ஒரு பகுதியாவது அடியில் இறங்கியிருக்கும். முதலில் ஒழுகுவது அதுதான். எவ்வளவு ஒழுகுகிறது என்று ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். சில சொட்டுகள் மட்டும் என்றால், சைலன்சர் குழாய்க்கு மூடி இருக்கிறதா, மழைநீர் அதன் வழியே இறங்கியிருக்குமா என்று முதலில் பாருங்கள். மேல்நோக்கி நிற்கும் குழாய்க்கு ஒரு தகரக் குவளையைக்கூடக் கவிழ்த்து வைக்காமல் மழைக்காலம் முழுவதும் விட்டுவைக்கும் தோட்டங்கள் ஏராளம்.

பாட்டிலில் ஒரு டம்ளர் அளவுக்குமேல் தண்ணீர் வந்தால் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது கேஸ்கெட்டை அல்ல, லைனரின் (பிஸ்டன் ஓடும், பிளாக்குக்குள் செருகிய உருளையின்) அடிப்பகுதியில் உள்ள ரப்பர் வளையங்களை. லைனரின் வெளிப்புறத்தில் தண்ணீர் நேரடியாகப் படும் இன்ஜின்களில் இந்த வளையங்கள்தான் தண்ணீரைச் சம்ப்புக்குள் இறங்கவிடாமல் தடுக்கின்றன. வயதான ரப்பர் கெட்டியாகி வெடித்தால் தண்ணீர் நேராகச் சம்ப்பில் விழும். சோதிப்பது எளிது. ஆயிலை வடித்துவிட்டு, பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் உறையை நிரப்பி, வெளியேறும் குழாயில் ஓர் ஓஸைச் செருகி அதை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, அதிலும் தண்ணீர் நிரப்பி விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், லைனரின் அடி விளிம்பைச் சுற்றிச் சொட்டுவது தெரியும். அங்கே சொட்டினால் வளையம். லைனரின் உட்சுவரில், பிஸ்டனை ஒட்டி, மேலிருந்து வழிந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட். சுவரின் நடுவில் ஊசித்துளைபோல் ஓரிடத்தில் கசிந்தால் லைனரே அரித்துப்போயிருக்கிறது.

வளையம் மாற்றுவதற்கு லைனரை வெளியே இழுக்க வேண்டும். அதற்குரிய புல்லர் இல்லாமல் மரக்கட்டை வைத்து அடித்து எடுக்க முயல்வதைவிட, இந்தக் கட்டத்தில் மெக்கானிக்கை அழைப்பது மலிவாக முடியும்.

பாலேறிய ஆயிலோடு இன்ஜினை ஓட்டக் கூடாது. பேரிங்குகள் கெட்டால், கேஸ்கெட்டின் விலை கணக்கிலேயே வராத செலவு ஆகிவிடும்.

அறிகுறி 2: வெண்புகை வருகிறது, அல்லது ஹேண்டில் பாதியில் இடித்து நிற்கிறது

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் ஆபத்து இருக்கிறது. ஹேண்டிலைச் சுற்றும்போது கம்ப்ரஷனின் மெத்தென்ற எதிர்ப்பு இல்லாமல், கல்லில் முட்டியதுபோல் இடித்து நின்றால், சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். தண்ணீர் அமுங்காது. இரண்டு ஆள் சேர்ந்து தம் பிடித்துச் சுற்றினாலோ, பிளைவீலை வேகமேற்றி, வால்வைத் திறந்து பிடித்திருக்கும் டீகம்ப்ரஷன் லிவரை விட்டாலோ கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்தத் துளையின் நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகாமல் பிளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். தண்ணீர் பீறிட்டால் சந்தேகம் தீர்ந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஹெட்டைக் கழற்றுவது ஒன்றே வழி. எதுவும் வராமல் அப்போதும் இடித்தால், வால்வு இறங்கியிருக்கலாம் அல்லது உள்ளே ஏதோ உடைந்திருக்கலாம். அங்கிருந்து மெக்கானிக்கின் வேலை.

வெண்புகை மட்டும் என்றால், அது நீராவியா, எரியாத டீசலா என்று பிரிக்க வேண்டும். டீசல் புகை கண்ணை எரிக்கும், நாற்றமடிக்கும், காற்றில் தங்கி மெதுவாகக் கலையும். நீராவி சைலன்சர் வாயிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே மறைந்துவிடும். ஒரு தட்டைக் குழாய்க்கு எதிரே சற்றுத் தள்ளிப் பிடித்தால் அதில் நீர்த்துளிகள் கோக்கும். குளிர்ந்த இன்ஜின் தொடக்கத்தில் சிறிது நேரம் இப்படித் துளிர்ப்பது இயல்பு. சூடேறிய பிறகும் தொடர்ந்தால்தான் அறிகுறி.

டீசல் புகையாக இருந்தால் கேஸ்கெட்டை விட்டுவிட்டு நாசில் சொட்டுகிறதா, டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) சரியா, டீசல் பம்ப்பின் டைமிங் (டீசல் பாயும் நேரம்) நகர்ந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். நாசிலை டெஸ்டர் வைத்திருக்கும் டீசல் பம்ப் பட்டறையில் கொடுத்துப் பார்ப்பதே முறை. வெளியே கழற்றி வைத்து, ஹேண்டில் சுற்றி, பாய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்க்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும்.

அறிகுறி 3: குளிர்விக்கும் தண்ணீரில் குமிழி வருகிறது, இன்ஜின் சூடாகிறது

நம் பக்கத்தில் பல இன்ஜின்கள், தாம் ஓட்டும் பம்ப்பின் டெலிவரியிலிருந்தே ஒரு சிறு குழாய் வழியாகத் தண்ணீரை வாங்கி, சிலிண்டரைச் சுற்றவிட்டு, வாய்க்காலில் விட்டுவிடும் அமைப்பில் இருக்கின்றன. இதில் குமிழி வந்தால் உடனே கேஸ்கெட் என்று முடிவுகட்டக் கூடாது. டெலிவரித் தொட்டியிலும் தண்ணீர் விட்டுவிட்டுக் குமிழியோடு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், பம்ப் காற்றை உறிஞ்சுகிறது: கிணற்றில் மட்டம் இறங்கி ஃபுட் வால்வு வெளியே தெரியலாம், சக்‌ஷன் குழாயின் இணைப்பு தளர்ந்திருக்கலாம், கிளாண்டு தேய்ந்திருக்கலாம். டெலிவரி சீராக இருந்து, இன்ஜினிலிருந்து வெளியேறும் குழாயில் மட்டும் குமிழி வந்தால்தான் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று கருதலாம்.

அதை உறுதிசெய்ய, பெல்ட்டைக் கழற்றி, ஒரு பேரலை உயரத்தில் வைத்து அதிலிருந்து தண்ணீரைத் தனியாகக் கொடுத்து, வெளியேறும் ஓஸின் நுனியை ஒரு வாளித் தண்ணீருக்குள் முக்கி வைத்து ஓட்டுங்கள். உறைக்குள் அடைபட்டிருந்த காற்று முதலில் வெளியேறும். அதற்குப் பிறகும் நெருப்பு விழும் தாளத்துக்கேற்பக் குமிழி வந்துகொண்டிருந்தால், கேஸ்கெட் எரிந்திருக்கிறது அல்லது ஹெட் வெடித்திருக்கிறது. இரண்டில் எது என்பது கழற்றினால்தான் தெரியும்.

குமிழி இல்லாமல் சூடு மட்டும் ஏறினால் பழி பெரும்பாலும் தண்ணீரின் மேல்தான். காங்கேயம், மூலனூர்ப் பக்கத்துக் கிணறுகளின் சப்பைத் தண்ணீரை (உவர்நீரை) ஆண்டுக்கணக்காகச் சுற்றவிட்ட இன்ஜினின் ஹெட்டைக் கழற்றினால், தண்ணீர்த் துளைகளில் சுண்ணாம்பு இறுகி, விரல் நுழையும் துளையில் குச்சிகூட நுழையாத அளவுக்கு அடைத்திருக்கும். அடைத்த இடத்தில் இரும்பு தனியாகச் சூடேறி வளைகிறது. வளைந்த ஹெட் கேஸ்கெட்டை எரிக்கிறது. ஆகவே புதிய கேஸ்கெட் வாங்குபவர் அதே நாளில் இந்தத் துளைகளைக் கம்பியால் குத்தி, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, நன்றாகக் கழுவிவிட வேண்டும். கடையில் விற்கும் கழிப்பறை அமிலத்தை ஊற்றுவது வேகமாகக் கரைக்கும்தான். சுண்ணாம்போடு வார்ப்பிரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

என் பரிந்துரை, டெலிவரித் தண்ணீரை நம்புவதையே விட்டுவிடுவது. 200 லிட்டர் பேரல் ஒன்றை இன்ஜினைவிட உயரமான மேடையில் வைத்து, அதன் அடியிலிருந்து பிளாக்குக்கு ஒரு குழாயும், ஹெட்டிலிருந்து பேரலின் மேற்பகுதிக்கு ஏறுமுகமாக ஒரு குழாயும் கொடுத்தால், சூடான தண்ணீர் தானாக ஏறிச் சுற்றிவரும். மேல்குழாய் சேரும் வாய் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்; மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் சுழற்சி நின்றுவிடும். பேரலில் வாய்க்கால் தண்ணீரையோ மழைத்தண்ணீரையோ நிரப்பினால் அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றும் என்பதால் சுண்ணாம்பு படிவதும் பெரிதும் குறையும். சித்திரையில் கிணறு வற்றி பம்ப் காற்றை உறிஞ்சினாலும் இன்ஜினுக்குத் தண்ணீர் நிற்காது. ஆள் இல்லாத நேரத்தில் தண்ணீர் நின்று எரிந்துபோன கேஸ்கெட்டுகளே நான் பார்த்தவற்றில் அதிகம்.

அப்படித் தண்ணீர் நின்று கொதித்த இன்ஜினின்மேல் வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள். பாரத்தை விலக்கி, நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். கேஸ்கெட்டோடு போயிருக்க வேண்டிய பழுது, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் ஹெட்டில் வெடிப்பாக மாறிவிடும்.

அறிகுறி 4: கம்ப்ரஷன் இல்லை, அல்லது ஹெட் இணைப்பில் சீறுகிறது

ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் கருப்புக் கோடு இழுத்ததுபோல் கரி படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படிந்திருந்தால் அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவி, லிவரை விட்டபடி பிளைவீலைக் கையால் கம்ப்ரஷனுக்கு ஏற்றுங்கள். நுரை எழும்பினால் கேஸ்கெட் வெளிப்புறமாக எரிந்திருக்கிறது. நாசிலைச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். அதன் அடியில் உள்ள செப்பு வாஷர் கசிவதைக் கேஸ்கெட் கசிவு என்று எண்ணி ஹெட்டையே கழற்றிய இடங்கள் உண்டு.

வெளியே கசிவில்லை, ஆனால் கம்ப்ரஷன் இல்லை என்றால், செலவில்லாத காரணங்களிலிருந்து தொடங்குங்கள். டீகம்ப்ரஷன் லிவர் முழுவதுமாகத் திரும்பி உட்காருகிறதா? டாப்பெட் இடைவெளி இல்லாமல் வால்வு சற்றே திறந்தபடி நிற்கிறதா? இவை சரியென்றால் பிஸ்டனைக் கம்ப்ரஷனில் ஏற்றி நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள். காற்றுப் புகும் வழியில் சீறினால் உள்வால்வு. சைலன்சரில் சீறினால் வெளிவால்வு. பிரீதரில் (சம்ப்பின் காற்றுப்போக்கியில்) சீறினால் பிஸ்டன் ரிங். தண்ணீர் வாயில் முணுமுணுத்தால் கேஸ்கெட். ரிங்தானா என்று ஐயம் இருந்தால் நாசில் துளை வழியாக ஒரு கரண்டி ஆயிலை ஊற்றி, நாசிலை மாட்டாமலே பிளைவீலைக் கையால் சில சுற்றுத் திருப்பி, மிஞ்சிய ஆயில் வெளியேறிய பிறகு மாட்டிச் சுற்றிப் பாருங்கள். கம்ப்ரஷன் உடனே கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. வால்வு உட்காரும் இடத்தைக் கடைவது பழகியவர் வீட்டிலேயே செய்யக்கூடியது. ரிங்கும் லைனரும் பட்டறை வேலை.

அறிகுறி 5: புதிய கேஸ்கெட் மாட்டியும் மறுபடி எரிகிறது

இங்கேதான் பணம் வீணாகிறது. இரண்டாவது கேஸ்கெட்டும் எரிந்த பிறகு "மட்டமான சரக்கு" என்று கடையைத் திட்டுவது வழக்கம். சரக்கு மட்டமாக இருக்கலாம். ஆனால் மூன்றாவதை மாட்டும் முன் பின்வருவனவற்றைப் பார்த்தே ஆக வேண்டும்.

எரிந்த கேஸ்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். அது எரிந்த இடமே காரணத்தைக் காட்டும். சிலிண்டரைச் சுற்றிய வளையம் ஒரே இடத்தில் கருகி அறுந்திருந்தால், அங்கே ஹெட் வளைந்திருக்கிறது அல்லது அருகிலுள்ள ஸ்டட் (ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் மரைத்தண்டு) பிடிக்கவில்லை. சுற்றிலும் சீராக அமுங்காமல் புதியதுபோல் இருந்தால், லைனர் தாழ்ந்திருக்கிறது.

ஹெட்டின் அடிமுகத்தைச் சுத்தம்செய்து, நேர்விளிம்புள்ள எஃகுச் சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டத்திலும் வைத்து, ஃபீலர் கேஜை (கனம் குறித்த மெல்லிய தகடுகளை) இடையில் செருகிப் பாருங்கள். இந்த அளவு சிறிய ஹெட்டில் 0.05 மி.மீ. தகடு நுழையாவிட்டால் நல்லது, 0.10 மி.மீ. நுழைந்தால் பட்டறையில் முகம் அறுக்க (அடிமுகத்தைச் சமமாகக் கடைய) கொடுத்துவிட வேண்டும். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் லேத் பட்டறைகளில் இது சிறிய வேலைதான். எமரி தாளை ஹெட்டின்மேல் வைத்துக் கையால் தேய்ப்பது ஓரங்களை உருட்டிவிடும். அதைவிடத் தேய்க்காமலே மாட்டலாம்.

முகம் அறுத்து வந்த ஹெட்டில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்திருக்கலாம். பிஸ்டனின் மேல், வால்வுகள் படாத இடங்களில், மென்மையான ஈயக் கம்பித் துண்டுகளைக் கிரீஸ் தொட்டு ஒட்டி, கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, பிளைவீலைக் கையால் ஒருமுறை உச்சிக்கு மேல் கடத்தி, கழற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை அளந்தால் இடைவெளி தெரியும். உங்கள் இன்ஜினின் கையேட்டில் உள்ள அளவோடு அது ஒத்துப்போக வேண்டும். லிஸ்டர் வகையில் சிலிண்டருக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகட்டைச் சேர்த்தோ எடுத்தோ இதைச் சரிசெய்யலாம். இடைவெளியைக் கூட்டுவதற்காக இரண்டு கேஸ்கெட்டை அடுக்குவது தவறு: கசிவதற்கு இன்னொரு முகம் கூடுகிறது, அடுக்கு கனத்தால் கம்ப்ரஷன் அளவுக்குமேல் இறங்கினால் காலையில் ஸ்டார்ட்டும் ஆகாது.

லைனரின் மேல் விளிம்பு பிளாக்கின் முகத்தைவிட ஒரு மயிரளவு உயர்ந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஈர லைனர் (வெளிப்புறத்தில் தண்ணீர் படும் லைனர்) இன்ஜின்களின் விதி. எஃகுச் சட்டத்தை வைத்தால் அது லைனர் மேல் உட்கார வேண்டும். பிளாக்கின் மேல் உட்கார்ந்து லைனர்மேல் வெளிச்சம் தெரிந்தால், லைனர் உட்காரும் படி துருவால் அரித்திருக்கிறது. எத்தனை கேஸ்கெட் மாட்டினாலும் அது பிடிபடாது. படியைக் கடைந்து வளையம் வைப்பது நல்ல போரிங் பட்டறையின் வேலை. பழுதுகளிலேயே செலவு மிக்கதும் இதுதான். சில பழைய இன்ஜின்களில் வேறு பிளாக் தேடுவதே மேல்.

ஸ்டட்டுகளை மறந்துவிடுகிறார்கள். மரையைச் சுற்றிப் பிளாக்கின் உலோகம் மேடாக இழுபட்டிருந்தால் கேஸ்கெட் அங்கே படியாது. ஸ்டட்டைக் கழற்றி அந்த ஓரத்தை லேசாகக் கடைந்துவிட வேண்டும். புதிய நட்டைக் கையால் ஓட்டிப் பார்க்கும்போது இடையில் இறுகினால் ஸ்டட் நீண்டிருக்கிறது, மாற்றுங்கள். ஸ்டட்டின் துளைக்குள் ஆயிலோ தண்ணீரோ தங்கியிருந்தால், ஸ்டட் அடிவரை இறங்காமல் இறுகியதுபோல் ஏமாற்றும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் எரிந்தால், டைமிங் முந்தியிருக்கிறதா, ஐந்து குதிரைத்திறன் இன்ஜினில் அதைவிடப் பெரிய பம்ப்பை மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஓடும்போது கொட்டாப்புளியால் அடிப்பதுபோல் கடினமாகத் தட்டினால் டைமிங்கை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கழற்றி மாட்டும்போது

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே ஹெட் நட்டுகளைத் தளர்த்த வேண்டும். சூட்டில் தளர்த்தினால் நேராக இருந்த ஹெட்டும் வளையலாம். தண்ணீரை வடித்து, ஹை பிரஷர் பைப்பின் முனைகளைச் சுத்தமான துணியால் கட்டி, புஷ் ராடுகளை எது எந்த வால்வுக்குரியது என்று அடையாளமிட்டு எடுத்து வையுங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் அடித்து ஏற்றக் கூடாது. நாசிலையும் ராக்கரையும் கழற்றும் முன்பே, டீசலை நிறுத்திவிட்டு, நட்டுகளை இரண்டு மரை அளவு மட்டும் தளர்த்திப் பிளைவீலைக் கம்ப்ரஷனுக்குச் சுற்றினால் காற்றே ஹெட்டை விடுவித்துவிடும்.

பழைய செப்புத்தகட்டுக் கேஸ்கெட்டுகளின் நடுவே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரப்படுத்தியபடியே சுரண்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கம்பிப் பிரஷை வைத்து உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்த வகையை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. முழுச் செம்புத் தகடாக இருந்தால் மட்டும், மங்கிய சிவப்பாகும்வரை சூடேற்றி ஆறவிட்டு, மென்மையாக்கி மீண்டும் மாட்டலாம்.

இரு முகங்களும் மண்ணெண்ணெயால் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். அலுமினியப் பெயிண்ட், ஷெல்லாக் என்று ஆளுக்கொன்று பூசுவார்கள். முகம் நேராக இருந்தால் எதுவும் வேண்டாம், வளைந்திருந்தால் எதுவும் உதவாது. நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கையேட்டில் உள்ள இறுக்கத்தை மூன்று பங்காகப் பிரித்து, டார்க் ரெஞ்சால் மூன்று சுற்றில் இறுக்குங்கள். ஸ்பேனரில் குழாயைச் செருகி நெம்பினால், ஒரு நட்டு அளவுக்கு மிஞ்சியும் அடுத்தது குறைந்தும் போகும்.

டாப்பெட்டைச் சரிசெய்து, டீசல் குழாயில் காற்றெடுத்து, முதலில் பாரமில்லாமலும் பிறகு பாதிப் பாரத்திலும் ஓட்டுங்கள். கிணற்றுக்குள் மேடையில் இறக்கி வைத்த இன்ஜினாக இருந்தால், சோதனை ஓட்டமானாலும் அதை அங்கே ஓட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்காதீர்கள். கிணற்றில் தேங்கும் புகை ஆளைக் கொல்லும். ஒரு மணி நேரம் ஓடிய இன்ஜினை முழுவதும் ஆறவிட்டு, ஒவ்வொரு நட்டாகச் சற்றே தளர்த்தி மீண்டும் அதே அளவுக்கு இறுக்குங்கள். பழைய வகைக் கேஸ்கெட் முதல் சூட்டில் அமுங்குவதால் இந்த இரண்டாம் இறுக்கம் தவிர்க்க முடியாதது. அது முடிந்ததும் ஹெட் சற்றே இறங்கியிருக்கும் என்பதால் டாப்பெட் இடைவெளியை மறுபடியும் அளந்து வையுங்கள்.